லில்லியின் வண்டிக்குப் போடாத புல்லி

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்கிற வாடகைக் கார்களில் பலவற்றில் தாவீது கடைந்து கொடுத்த புல்லி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி லில்லி ஓட்டுகிற காரில் மட்டும் ஓடவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் அவள் கேட்டாள். பொங்கல் கழியட்டும் என்றார். பொங்கல் கழிந்தது, நல்ல அலுமினியம் வரவில்லை என்றார். அலுமினியமும் வந்து இறங்கியது. அது வேறு யாருடைய வண்டிக்கோ போனது. அதற்கப்புறம் லில்லி கேட்பதை நிறுத்திக்கொண்டாள். மனைவி கேட்காமல் இருப்பது, கேட்பதைவிடப் பெரிய தொந்தரவு என்பது கல்யாணமான ஆண்களுக்குத் தெரியும்.

புல்லி என்றால் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. கார் எஞ்சினின் முனையில் ஒரு சக்கரம் இருக்கிறது. எஞ்சின் ஓடினால் அதுவும் சுற்றும். அதன் மேல் ஓடுகிற பெல்ட், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவையும், ஏசியையும், ஸ்டியரிங்கை இலகுவாக்குகிற பம்பையும், எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் பம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும். அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் சின்னதாகவும் எடை குறைவாகவும் செய்து மாட்டினால், மற்றதெல்லாம் மெதுவாகச் சுற்றும், எஞ்சினுக்குச் சுமை குறையும், வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பும். வெளிநாட்டில் வண்டிப் பைத்தியம் பிடித்தவர்களுக்காக இதை அண்டர்டிரைவ் புல்லி என்று பெயர் போட்டு விற்கிறார்கள். நம் ஊர் டாக்சிக்கு அது எந்தக் கடையிலும் கிடைக்காது. கிடைக்காத பொருளைப் படத்தில் பார்த்து அதே மாதிரி செய்து தருவதற்குத்தானே லேத் பட்டறை இருக்கிறது.

தாவீது பிறந்தது ஓரிக்கைக் காலனியில். அவருடைய அப்பா பாலாற்றங்கரையில் அடுத்தவர் நிலத்தில் நாற்றுக் கட்டு சுமந்தவர். பெரும்பாலும் அர்ஜுனன் என்கிற விவசாயியின் நிலத்தில். பத்தாவது முடித்த கையோடு தாவீது பிள்ளையார்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளி, தன் மகனோடு போய் இருக்கலாம் என்று ஊரைவிட்டுக் கிளம்பியபோது மெஷினை இவரிடமே விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதே தெரு, அதே தகரக் கூரை, காலில் குத்துகிற அதே இரும்புச் சுருள்.

பட்டு நெய்கிற ஊரில் லேத்துக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தறி மரம்தான், ஆனால் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற ராட்டை இப்போது முக்கால்வாசி வீடுகளில் மோட்டாரில் ஓடுகிறது. மோட்டாரின் அவசரம் பட்டு இழைக்கு ஆகாது. வேகமாக இழுத்தால் அறுந்துபோகும், அறுந்ததை முடிச்சுப் போட்டு நெய்தால் சேலையில் தெரியும். அதனால் மோட்டார் புல்லியை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கித் தரச் சொல்லி ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களில் தெலுங்கு பேசுகிற வீட்டுக்காரர்களும் உண்டு. அவர்கள் வீட்டு ராட்டைகளைச் சரிசெய்யப் போய்ப் போயே, தன்னைத் திட்டினால் புரிகிற அளவுக்குத் தாவீது தெலுங்கு கற்றுக்கொண்டிருந்தார். ராட்டையும் தொட்டிலும் ஒரே அறையில் இருக்கிற வீடுகளுக்கு, குழந்தை விழிக்காமல் இருக்க, புல்லிக்குள் சைக்கிள் டியூபை வெட்டி ஒரு ரப்பர் வளையம் வைத்துக் கொடுப்பார். புல்லி சின்னதானால் எல்லாம் பதமாக ஓடும், ரப்பர் சத்தத்தை அடக்கத்தான். இந்த இரண்டு பாடமும் அவர் கையில் ஊறிப்போயிருந்தன. பிற்பாடு வந்த வினைக்கெல்லாம் காரணம் அவருக்குத் தொழில் தெரியாமல் போனதல்ல. ராட்டை விஷயத்தில் அவர் சொன்னது ஒரு நாளும் பொய்த்ததில்லை என்பதுதான்.

அஜித் பட்டறைக்கு வந்தது போன வருஷம் மழைக்காலத்தில். அவன் அந்த அர்ஜுனனின் பேரன். நிலத்தில் பாதி மனைப் பிரிவாகிவிட்டது. இவன் கார் வாங்கி, ஓரிக்கைப் பக்கத்துப் பெண்களை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்கு ஏற்றிக்கொண்டு போய் விடுகிற ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி துளசிக்கும் அதே கம்பெனியில் வேலை, அதே காரில் பயணம். அஜித் செல்போனைத் தாவீதின் முகத்துக்கு நேராக நீட்டி, யாரோ ஒரு வெள்ளைக்காரர் புல்லி மாற்றுகிற வீடியோவைக் காட்டினான். அண்ணே, அண்ணே என்று வாய்க்கு வாய் கூப்பிட்டான். பட்டறைக்கு வந்த டீயை, எல்லோரும் குடிக்கிற அதே கிளாசில் வாங்கிக் குடித்தான்.

தாவீதின் அப்பா அர்ஜுனன் வீட்டு வாசலில் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றவர். அவரை அந்த வீட்டில் சின்னப் பையன்கள்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளை இன்று தன் பட்டறை முக்காலியில் உட்கார்ந்து, ஒரு பொருள் வேண்டும், உங்களால்தான் முடியும் என்று கேட்கிறான். தாவீதுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை; அவர் இடத்தில் யார் இருந்தாலும் நிறைந்துதான் போயிருக்கும். வீடியோ முடிவதற்கு முன்பே, செஞ்சிடலாம்பா என்று சொல்லிவிட்டார்.

அளவு எடுக்க, அதே மாதிரி வண்டியின் பழைய புல்லி ஒன்று காயலான் கடையில் கிடைத்தது. லேத்தில் மாட்டிக் குறுக்கே வெட்டிப் பார்த்தார். நடுவில் ஓர் இரும்பு, வெளியே கனமான ஓர் இரும்பு வளையம், இரண்டுக்கும் இடையில் ரப்பர். தாவீது சிரித்தார்.

"கம்பெனிக்காரன் உள்ள குந்திக்கினு போறவனுக்கு சத்தம் கேக்கக்கூடாதுன்னு ரப்பர் வச்சிருக்கான்பா," என்றார். "டாக்சிக்கு அது இன்னாத்துக்கு?"

ரப்பர் இல்லாமல், முழு அலுமினியத்தில், கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி ஒரு புல்லியைக் கடைந்தார். மாட்டியது குரு என்கிற மெக்கானிக். ரப்பர் வேண்டாமா அண்ணா என்று அவன் ஒரு தடவை கேட்டான். தாவீது பதில் சொன்ன தோரணையில் மறுதடவை கேட்கவில்லை. அஜித் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வாலாஜாபாத் வரைக்கும் போய்த் திரும்பினான். இறங்கும்போது முகமெல்லாம் பல்லாக இருந்தது. வண்டி காலடியிலேயே நிற்க மாட்டேன் என்கிறது என்றான். டாக்சி ஸ்டாண்டில் ஒருவன் சொன்னால் போதாதா? மாசம் திரும்புவதற்குள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். ராட்டை தாவீது என்று இருந்த பேர் புல்லி தாவீது ஆயிற்று.

லில்லி முதலில் ஆட்டோ ஓட்டினாள், பிறகு காருக்கு மாறினாள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மற்ற நேரத்தில் கண் ஆஸ்பத்திரிக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் போகிற கிழவிகள். கிழவிகளுக்கு அவள்மேல் உயிர். அவளுடைய வண்டியும் அஜித்தின் வண்டியும் ஒரே ரகம், ஒரே எஞ்சின். ஒரு நாள் வேலைதான். ஆனாலும் தாவீதுக்குக் கை போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. பிள்ளைகள் ஏறுகிற வண்டி, பொறுமையாகச் செய்வோம் என்று நினைத்துக்கொள்வார். பிறகு அந்த நினைப்பை அவசரமாக மூடிவிட்டு வேறு வேலையை எடுத்துக்கொள்வார். ஒரு தடவை அஜித்தே, அக்கா வண்டியில் போட்டாயிற்றா என்று விசாரித்தான். போடணும்பா என்றார்.

வைகாசி கருட சேவையன்றுதான் முதல் இடி விழுந்தது. வரதர் வீதிக்கு வருகிற நாளில் ஊருக்குள் கார் நகர்கிற கதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அஜித்தின் வண்டி கம்பெனிப் பெண்களோடு கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, ஏசியும் ஓட, ஊர்ந்து ஊர்ந்து, எஞ்சின் சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. பேட்டரி விளக்கும் எரிந்தது. மறுநாள் அஜித் வந்து சொன்னபோது தாவீதுக்கு அது உடனே விளங்கிற்று. புல்லி சின்னது, ஆகையால் வண்டி நின்று நின்று போகும்போது பம்ப் போதுமான தண்ணீரைத் தள்ளாது, டைனமோ போதுமான சார்ஜ் ஏற்றாது. நெரிசலில் ஏசியை நிறுத்திவிடச் சொன்னார். எல்லா டிரைவர்களுக்கும் அதையே சொல்லி அனுப்பினார். விளங்கிய குறை என்பதால் அது அவரை அதிகம் உறுத்தவில்லை. இது கிடைத்தால் அது குறையும், உலக வழக்கம்தானே என்று இருந்துவிட்டார்.

விளங்காத குறை ஆடி மாசத்தில் வந்தது. முத்துக்குமார் என்ற டிரைவரின் வண்டி ஹைவேயில் நல்ல வேகத்தில் போகும்போது திடீரென்று பெல்ட் கழன்று, ஸ்டியரிங் கல்லாகக் கனத்துவிட்டது. எப்படியோ ஓரம் கட்டிவிட்டான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டியை இழுத்து வந்த குரு, கழற்றிய புல்லியைக் கொண்டுவந்து தாவீதின் மேசைமேல் வைத்தான். அதை எஞ்சின் தண்டோடு பிடித்து வைத்திருந்த போல்ட் தானாகத் தளர்ந்திருந்தது. புல்லி வழுக்காமல் பூட்டி வைக்கிற சின்ன இரும்புத் துண்டு நசுங்கி, அது உட்காருகிற பள்ளம் அகண்டு போயிருந்தது. நான் இறுக்கியது இறுக்கினபடி இருந்திருக்க வேண்டும் என்று குரு சொன்னான். அவன் கைமேல் சந்தேகப்பட இடமில்லை என்பது தாவீதுக்கும் தெரியும்.

அப்படியானால் என் கைதான் என்று நினைத்து, தாவீது அந்தப் புல்லியை லேத்தில் மாட்டினார். விளிம்பில், கோணல் இருந்தால் முள் ஆடிக் காட்டுகிற டயல் கேஜை வைத்து மெல்லச் சுற்றினார். முள் ஆடவே இல்லை. கடைசல் அவ்வளவு சுத்தம். கடைசலில் கோணல் இருந்திருந்தால் திருத்திவிடலாம். கோணலே இல்லாத பொருள் எதனால் போல்ட்டைத் தளர்த்தும்?

குரு கீழே கிடந்த கார் கம்பெனியே போட்ட இன்னொரு பழைய புல்லியை எடுத்து, நடு இரும்பை லேத்தின் பிடியில் கடிக்கக் கொடுத்து, வெளி வளையத்தில் ஒரு நீளக் குழாயைக் கட்டித் திருகச் சொன்னான். தாவீது முழுப் பலத்தோடு திருகினார். வளையம் ஒரு மயிரிழை திரும்பிக் கொடுத்தது. கையை விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

"ராட்டைய மோட்டாரு சுத்துதுணா," என்றான் குரு. "எஞ்சினு சுத்தறது இல்ல, ஒதைக்குது. ஒவ்வொரு ஒதைக்கும் தண்டு முறுக்கிக்கினு திரும்புது. அந்த முறுக்க வாங்கிக்கத்தான் இந்த ரப்பரு."

தாவீது அந்த வளையத்தைத் தொட்டபடியே நின்றார். ரப்பர் காதுக்காக இல்லை, தண்டுக்காக. ராட்டை வீடுகளில் தொட்டிலுக்கு வைத்துக் கொடுத்த ரப்பரை நினைத்து இந்த ரப்பரைப் பிடுங்கிப் போட்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. இத்தனைக்கும் குருவும் பெரிய ஞானி இல்லை. கம்பெனி புத்தகத்தில் இதை மாற்றாதே என்று போட்டிருக்கிறது, ஏன் என்று போடவில்லை என்றான். அப்படியானால் இது ஆபத்தா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்று தாவீது கேட்டார். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது என்றான். கம்பெனியே ரப்பர் இல்லாமல் கொடுத்த எஞ்சினாக இருந்தால் சார்ஜ் குறையும், சூடு ஏறும், அதோடு சரி. ரப்பர் உள்ளதை எடுத்துவிட்டால் போல்ட் தளரலாம், உள்ளே பேரிங் தேயலாம், தண்டே ஒரு நாள் முறிந்தாலும் முறியலாம், கடைசிவரை எதுவும் ஆகாமலும் போகலாம். எந்த வண்டிக்கு எது என்று தனக்குத் தெரியாது என்றான்.

தாவீது செல்போனில் தேடிப் பார்த்தார். அங்கே இரண்டு கட்சி. ஒரு கட்சி, வருஷக்கணக்கில் ஓட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை என்று சத்தியம் செய்கிறது. இன்னொரு கட்சி முறிந்த தண்டைக் கையில் தூக்கிக் காட்டுகிறது. இரண்டு பேர் முகத்திலும் பொய் தெரியவில்லை. யாரோ ஒருவர் வந்து, பயப்படாதே என்றோ, பாவி என்றோ தீர்த்துச் சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது. அப்படிச் சொல்ல ஆள் யாரும் இல்லை.

முத்துக்குமாரின் வண்டி நின்ற கதை அதற்குள் ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் லில்லி வண்டியை நிறுத்திவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"என் வண்டிக்கு ஏன் போடலன்னு இப்ப சொல்லு."

"நேரம் எங்க இருந்திச்சி?"

"அத்த உடு. நெசத்த சொல்லு."

தாவீது சுவரைப் பார்த்தார். சுவர் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"பயமா இருந்திச்சி லில்லி."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து," என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நிஜம் என்று அவருக்கே தெரிந்தது. ரப்பரை வெட்டி வெளியே எடுத்த அன்றே அவருக்குள் ஏதோ ஒன்று வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அது சொன்னதை லில்லியின் வண்டிக்கு மட்டும் கேட்டுக்கொண்டார். மற்றவர்களின் வண்டிக்குக் காதை மூடிக்கொண்டார்.

லில்லி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கோபப்படவில்லை. தன்மேல் புருஷனுக்கு இவ்வளவு அக்கறையா என்று உருகவும் இல்லை.

"அஜித் வண்டில துளசி போவுது," என்றாள். "அதுக்கு இத்த யாரு சொல்றது?"

அந்தக் கேள்விக்குப் பிறகு தாவீதுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் குருவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கம்பெனிப் புல்லிகளை எங்கெங்கோ தேடிச் சேர்த்தார்கள். யாரிடமும் காசு வாங்குவதில்லை என்று தாவீது முடிவு செய்துவிட்டிருந்தார். எல்லோரும் ஆளுக்கு ஒரு மாதிரி நடந்துகொண்டார்கள். ஒருவன் பயந்துபோய் உடனே பானெட்டைத் திறந்தான். ஒருவன் தாவீதின் குலத்தையெல்லாம் இழுத்துத் திட்டிவிட்டுத் திறந்தான். திட்டியது வலித்தது, ஆனாலும் போல்ட்டில் கை வைக்கும்போது அதெல்லாம் மறந்துவிட்டது. ஒரு பெட்ரோல் வண்டியில் கம்பெனி கொடுத்ததே ரப்பர் இல்லாத வெறும் இரும்பு என்று குரு பார்த்துச் சொன்னான். சூட்டு முள்ளைக் கவனி என்று சொல்லி அதை அப்படியே விட்டார்கள். இன்னொருவன், எனக்கு நன்றாகத்தான் ஓடுகிறது, உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அவன் பின்னாலேயே தாவீது இரண்டு தடவை அலைந்தார். அந்தப் புல்லி இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அஜித்தின் வீட்டுக்குக் கடைசியில்தான் போனார். கடைசிக்கு வைத்ததற்கு அவர் காரணம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. ஊருக்கே பேர் கெட்டாலும் பரவாயில்லை, அந்த ஒரு வாயிலிருந்து வருகிற அண்ணே என்ற அழைப்பை இழக்க அவருக்கு மனசு வரவில்லை. அது அவ்வளவு பெரிய ஆஸ்தியாக இருந்தது அவருக்கு.

அஜித் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். தாவீது ஒன்று விடாமல் சொன்னார். அவன் குழாயை மூடிவிட்டு, துணியைப் பிழிந்து பானெட் மேல் விரித்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்.

"அக்கா வண்டில போட்டீங்களா, இல்லியா?"

"இல்லப்பா."

"அப்ப எங்க வண்டிலதான் வச்சிப் பாத்தீங்களா?"

இல்லை, அப்படி நினைத்துச் செய்யவில்லை என்று சொல்லலாம்தான். நினைத்துச் செய்யவில்லை, ஆனால் நடந்தது அதுதான். அவனிடம் முடியாது என்று சொல்ல மனம் வராத ஆசையில் அவன் வண்டியையே முதலில் எடுத்துக்கொண்டார். நீ கேட்டாய், நான் செய்தேன் என்று திருப்பிச் சொல்லவும் ஒரு வழி இருந்தது. அந்த வழியில் போக அவருக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளேயிருந்து துளசி வந்தாள். மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கையில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் கம்பெனி அட்டை. வண்டிக்கு என்ன என்று கேட்டாள். அஜித் தாவீதைப் பார்த்தான். குரு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

"நான் செஞ்ச புல்லிமா," என்றார் தாவீது. "என் பொண்டாட்டி வண்டிக்குப் போட பயந்துக்கினு இருந்தேன். நீ போற வண்டிக்குப் போட்டுட்டேன். அத்த கழட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"பயம் இப்ப வந்திச்சா?"

"மொதல்லயே இருந்திச்சிமா."

துளசி அஜித்திடம், கழற்றச் சொல் என்று மட்டும் சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். வேலை முடிகிறவரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

குரு போல்ட்டைக் கழற்றினான். அது இறுக்கமாகத்தான் இருந்தது. புல்லியை உருவி எடுத்தார்கள். பூட்டுத் துண்டும் பள்ளமும் அடிபடாமல் அப்படியே இருந்தன. அஜித் குனிந்து பார்த்தான். இத்தனை மாசமாக ஓடி ஒன்றும் ஆகவில்லை, நீங்கள் சொல்வதே தப்பாக இருக்கலாமே என்றான். குரலில் கோபம் இறங்கவில்லை. இருக்கலாம் என்று தாவீது ஒப்புக்கொண்டார். உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது, எது தேயவில்லை என்று எனக்குத் தெரியாது, தெரியாத ஒன்றை உன் வண்டியில் வைத்திருக்க எனக்குப் பாத்தியதை இல்லை என்றார். அஜித் பழைய கம்பெனிப் புல்லியைக் கையில் எடுத்து, ரப்பரை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுக் குருவிடம் கொடுத்தான்.

மாட்டி முடித்து, பெல்ட்டைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டார்கள். பக்கத்துத் தெருப் பெண்கள் மூன்று பேர் வேலைக்குப் போக வந்து நின்றார்கள். தாவீது துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடக்கப் பார்த்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் துளசி. "ஏறுங்க. எங்ககூட கம்பெனி வரைக்கும் வாங்க."

அவள் வழக்கமாக உட்காருகிற முன் சீட்டின் கதவைத் திறந்துவிட்டு, தான் பின்னால் போய் மற்ற மூன்று பேரோடு நெருக்கி உட்கார்ந்தாள். அஜித் ஸ்டியரிங்கைப் பிடித்தான். தாவீது ஏறி, கிரீஸ் கை எதிலும் பட்டுவிடாமல் மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை வண்டிகளுக்குப் புல்லி கடைந்து கொடுத்தும், அந்தப் புல்லி ஓடுகிற வண்டி எதிலும் தான் ஒரு நாளும் ஏறி உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

வெள்ளைகேட் தாண்டி ஹைவேயில் ஏறியதும் அஜித் வேகம் எடுத்தான். முன்னைப்போல் துள்ளல் இல்லை என்பது அவன் கால் அழுத்துவதிலேயே தெரிந்தது. லாரிகள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. தாவீது காதைத் தீட்டிக்கொண்டு எஞ்சினைக் கேட்டபடி வந்தார். ராஜகுளம் வரும்வரை பின்னால் பேச்சு கேட்டது. யாரோ மாவு அரைத்துவிட்டு வந்ததைப் பற்றி, யாருடைய பிள்ளைக்கோ ஜுரத்தைப் பற்றி. அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார்.

விடியலில் எழுந்து வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்தவர்கள், நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். துளசியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் இருந்த சாப்பாட்டுப் பையைக் கை தூக்கத்திலும் பிடித்திருந்தது.

தினமும் இப்படித்தானா என்று தாவீது மெதுவாகக் கேட்டார். ஆமாம், ஹைவே ஏறினால் தூங்கிவிடுவார்கள், கம்பெனி வாசலில்தான் எழுப்ப வேண்டும் என்றான் அஜித், சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். தாவீது முன்பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை மாசமும் இவர்கள் இந்த வண்டியில் இப்படித்தான் தூங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.